கட்டைவிரல் படம் ஆர்டர் ஆகுமா?



சென்ற மாதம் வெளியூர்க் கடைக்காரர் ஒருவருக்கு வத்தல் விலையை மின்னஞ்சலில் அனுப்பினேன். பதிலாக ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வந்தது. ஆர்டர் என்று எண்ணி, காரைக்குடியிலிருந்து 20 மூட்டை ஏற்றினேன். "பார்த்துவிட்டேன் என்றுதானே போட்டேன்" என்று சரக்கைத் திருப்பிவிட்டார். லாரி வாடகை என் தலையில் விழுந்தது.

கனடாவில் ஆளிவிதை விவசாயி ஒருவர், கைப்பேசியில் வந்த ஒப்பந்தத்துக்கு இதே படத்தைப் போட்டுவிட்டுச் சரக்குத் தரவில்லை. "ஒப்பந்தம் கிடைத்தது என்றே போட்டேன்" என்ற அவர் வாதம் எடுபடவில்லை. 2023இல் நீதிமன்றம் 82,000 டாலருக்கு மேல் நஷ்டஈடு விதித்தது. நாம் வாடிக்கைக்காரர்மேல் வழக்கா போட முடியும்?

ஆகவே சரக்கு, எடை, விலை, தவணை நான்கையும் எழுத்தில் வாங்கிய பின்பே பில் போடுவோம். நாமும் படம் போடாமல் எழுத்திலேயே பதில் தருவோம்.