பூட்டி வைத்த தருமம்

ஒரு தருமத்துக்கு இரண்டு நாள்கள் உண்டு. கொடுப்பவனுடைய கையை விட்டுப் பொருள் நீங்கும் நாள் ஒன்று; இல்லாதவனுடைய கையை அது சென்றடையும் நாள் மற்றொன்று. இவ்விரு நாள்களும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும் வரையில் அதனைத் தருமம் என்கின்றோம். முதல் நாளுக்குரிய புகழும் வரிச் சலுகையும் கொடுத்தவனுக்கு உடனே கிடைத்துவிட, இரண்டாம் நாள் எப்போது வரும் என்பது எவருக்குமே தெரியாதிருக்குமாயின், அதனை எப்பெயரால் அழைப்பது? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நகரந்தோறும் இயங்கிவரும் யூத சமூக அறநிதியங்களின் அமைப்பை ஆராய்வோர் முன்னே எழும் வினா இது.

அந்நிறுவனங்களைப் பழித்துரைக்க நாம் புறப்படவில்லை. ஒரு சமூகம் தன் வறியவரைத் தானே தாங்குவதற்கு அமைத்த ஏற்பாடுகளுள் அவை தலைசிறந்தவை என்பதை முதற்கண் ஒப்புக்கொள்கின்றோம். அத்தகைய ஏற்பாட்டிலே சட்டத்தின் துணையோடு ஓர் ஓட்டை விழுந்திருக்கின்றது. அதனை அடைக்க வேண்டும் என்பதே நமது வாதம்.

யூதரது அறத்தின் வேர் வயலிலே இருக்கின்றது. நிலத்தை அறுக்கும்போது அதன் ஓரத்தை முற்றாக அறுத்துவிடாதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அவற்றை எளியவனுக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடு என்று லேவியராகமம் கட்டளையிடுகின்றது. விடவேண்டிய ஓரம் அறுபதில் ஒரு பங்குக்குக் குறையலாகாது எனப் பின்வந்த நூலோர் அளவும் வகுத்தனர். அவர்களது மொழியில் தருமத்தைக் குறிக்கும் ‘செதாக்கா’ என்னுஞ் சொல், நீதியைக் குறிக்கும் சொல்லின் வேரிலிருந்து பிறந்தது. இரக்கப்பட்டு இடும் பிச்சையாக அன்றி, வறியவனுக்குச் செலுத்த வேண்டிய கடனாகவே அவர்கள் அதனைக் கருதினர்.

ஊர்தோறும் ஒரு பொதுப் பெட்டி வைத்தார்கள். அதற்குப் பணந்தண்டுவோர் இருவருக்குக் குறையலாகாது. பங்கிடுவோர் மூவருக்குக் குறையலாகாது என்று விதித்தார்கள். மூவர் எதற்கு? பணவழக்கைத் தீர்க்கும் அவர்களது நீதிமன்றத்தில் மூவர் அமர வேண்டும்; இன்னாருக்கு இவ்வளவு என்று பங்கிடுவதும் நீதி வழங்குவதற்கு ஒப்பானதே என்பது அவர்கள் கண்ட நியாயம். அப்பெட்டியிலிருந்த பணம் வாரந்தோறும் பங்கிடப்பட்டது. உணவு நாள்தோறும் வழங்கப்பட்டது. பெட்டி நிறைந்திருந்தது என்று பெருமை பேசும் வழக்கம் அங்கிருக்கவில்லை.

இம்மரபோடுதான் 1654ஆம் ஆண்டில் இருபத்து மூன்று யூதர் பிரேசிலிலிருந்து இன்றைய நியூ யோர்க் நகரில் வந்திறங்கினர். அங்கிருந்த ஒல்லாந்த ஆளுநர் ஸ்டைவெசன்ட் அவர்களைத் துரத்திவிட எண்ணினார். ஒல்லாந்த மேற்கிந்தியக் கம்பெனியோ, அவர்களது வறியவர் பிறருக்குச் சுமையாகாமல் அவர்களது இனத்தாராலேயே தாங்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையுடன் 1655இல் இருக்க இடமளித்தது. அவமதிப்பாக விதிக்கப்பட்ட அந்நிபந்தனையை அம்மக்கள் தங்கள் கௌரவமாக மாற்றிக்கொண்டார்கள். 1892இல் நியூ யோர்க்கிலும் 1904இல் லொஸ் ஏஞ்சல்சிலும் வட்டியில்லாக் கடன் வழங்கும் சங்கங்களை நிறுவினார்கள். 1895இல் பொஸ்ரன் நகரத்து யூத தரும நிலையங்கள் ஒன்றுகூடிப் பொதுவாக நிதி திரட்டும் சம்மேளனத்தை அமைத்தன. பிற நகரங்கள் அதனைப் பின்பற்றின.

ஆண்டுதோறும் திரட்டி ஆண்டுதோறும் செலவிடுவது மட்டும் போதாது, நிலைத்த முதலும் வேண்டும் என்னும் எண்ணத்திலிருந்தே சமூக அறநிதியங்கள் வளர்ந்தன. இவ்வமைப்பின் முதல் வடிவத்தை 1914இல் கிளீவ்லாந்து நகரில் உருவாக்கியவர் பிரெடரிக் கொஃப் என்னும் சட்டத்தரணி, யூதர் அல்லர், நம்பிக்கைப் பொறுப்பு வங்கியொன்றின் தலைவராயிருந்தவர். இறந்தவன் எழுதிவைத்த தருமசாதனம் காலம் மாறியபின் பயனற்றுக் கிடப்பதைக் கண்டு மனம் வருந்திய அவர், தேவை மாறும்போது உள்ளூர்க் குழுவொன்று தருமத்தின் நோக்கத்தையும் மாற்றியமைக்கும்படி வழி செய்தார். செத்தவன் கை உயிருள்ளவரின் கழுத்தை நெரிக்கலாகாது என்பதே அவருடைய கொள்கையின் சாரம். லொஸ் ஏஞ்சல்சில் 1954இல் தோன்றிய யூத சமூக அறநிதியம் போன்றவை இவ்வமைப்பையே தமக்குரியதாக்கிக்கொண்டன.

இத்தகைய அறநிதியம் தொழிற்படும் முறையைச் சுருங்கக் கூறுவோம். ஒருவர் பணமோ பங்குப் பத்திரமோ நிலமோ கொடுக்கின்றார். கொடுத்த கணமே அது சட்டப்படி அறநிதியத்தின் உடைமையாகின்றது. அதில் இரண்டு வகையுண்டு. ஒன்று பொது நிதி. அறநிதியத்தின் குழு விண்ணப்பங்களைப் பெற்று, கணக்குகளைச் சோதித்து, முதியோர் இல்லத்துக்கும் இலவச உணவுச் சாலைக்கும் பாடசாலைக்கும் மனநோயாளருக்குத் துணைசெய்யும் நிலையத்துக்கும் அதிலிருந்து உதவிப்பணம் வழங்கும். மற்றொன்று கொடையாளர் ஆலோசனை நிதி. இதில் கொடுத்தவருடைய பெயரால் தனிக்கணக்கு ஒன்று திறக்கப்படும். இன்ன நிலையத்துக்கு இவ்வளவு கொடுங்கள் என்று அவர் ஆலோசனை கூறுவார். அந்நிலையம் முறைப்படி அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்து அறநிதியம் காசோலை அனுப்பும்.

இதன் நன்மைகள் பல. தனியாக ஒரு நிறுவனம் அமைக்க வசதியில்லாத நடுத்தரக் குடும்பமும் முறையாக அறஞ் செய்யலாம். கணக்கெழுதும் தொல்லை இல்லை. தன் பெயரை மறைத்துக் கொடுக்க விரும்புவோர் மறைத்தே கொடுக்கலாம். ஊரின் தேவையை அறிந்த அலுவலர் நல்வழி காட்டுவர். இவற்றை மறுப்போர் உண்மையை மறுப்போராவர்.

குறை எங்கே இருக்கின்றது? அமெரிக்கச் சட்டம் தனியார் அறநிதியங்கள் மீது ஒரு கடமையைச் சுமத்தியிருக்கின்றது. 1969ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டத்தின் வழிவந்த விதிகளின்படி, அவை தம் சொத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து வீதத்தை ஆண்டுதோறும் அறத்துக்காகச் செலவிட்டே ஆக வேண்டும். ஆனால் கொடையாளர் ஆலோசனை நிதிக்கு அத்தகைய கட்டாயம் எதுவும் இல்லை. 2006ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் அந்நிதி யாது என்று வரைவிலக்கணம் கூறிற்று. அதனைச் செலவிட நாள் குறிக்கவில்லை. பணம் பத்தாண்டு கிடக்கலாம்; ஐம்பதாண்டும் கிடக்கலாம்; ஆலோசனை கூறும் உரிமை பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இறங்கலாம். பசித்தவன் மட்டும் காத்திருக்க வேண்டும்!

கொடுத்தவர் காத்திருக்கின்றாரா என்று கேட்கின்றோம். பத்து டொலருக்கு வாங்கிய பங்கு இன்று நூறு டொலர் பெறுமதியாகின்றது என்று வைத்துக்கொள்வோம். அதனை நீண்டகாலம் வைத்திருந்த ஒருவர் அறநிதியத்துக்குக் கொடுத்தால், ஏறிய தொண்ணூறு டொலருக்கு அவர் ஆதாய வரி கட்ட வேண்டியதில்லை. அதன்மேல், சட்டம் விதித்த எல்லைக்குள் நூறு டொலரையும் அவ்வாண்டே தம் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். வருமான வரியின் உச்ச வீதம் நூற்றுக்கு 37. ஆகவே, 2025ஆம் ஆண்டு வரையில், அவ்வீதத்திற் செலுத்துவோர் கொடுத்த ஒவ்வொரு நூறு டொலரிலும் 37 டொலர் வரை பொதுமக்கள் விட்டுக்கொடுத்த வரிப்பணமாக இருந்தது. கொடையாளர் தம் பங்கை உடனே பெற்றுக்கொண்டார். பொதுமக்கள் தம் பங்கை உடனே செலுத்திவிட்டார்கள். யாருக்காக இவ்வளவும் செய்யப்பட்டதோ அவனுக்கு மட்டும் நாள் குறிக்கப்படவில்லை. இதனை நீதியென்று எந்த மன்றில் வாதாட முடியும்?

யூத நெறியின் மன்றிலே நிச்சயமாக முடியாது. 1204இல் மறைந்த பேரறிஞர் மைமோனிடிஸ் தாம் தொகுத்த சட்ட நூலில் இவ்விடயத்தைத் தெளிவாக விதித்துள்ளார். தருமம் செய்வதாக வாக்களித்தவன் அதனை உடனே வறியவரிடம் சேர்க்கக் கடமைப்பட்டவன்; தாமதித்தால் கட்டளையை மீறியவனாவான்; ஏனெனில் வறியவர் எப்போதும் அருகிலே இருக்கின்றனர். வறியவர் எவரும் இல்லையாயின், அவரைக் காணும் வரையில் பொருளை வேறாக எடுத்து வைக்கலாம் என்பதே அவர் தரும் சலுகை. ஆலயத்துக்கு நேர்ந்த காணிக்கைக்குத் தவணை தந்த அந்நெறி, ஏழைக்குரிய தருமத்துக்குத் தவணை தரவில்லை. லொஸ் ஏஞ்சல்சிலும் நியூ யோர்க்கிலும் வறியவர் எவரையும் காணவில்லை என்று கூறத்துணிவோர் உளரோ?

சேமிப்பே கூடாதா என்று சிலர் நம்மை மடக்க எண்ணுவர். விதைநெல்லைத் தின்னலாகாது என்பது எந்தக் கமக்காரனுக்கும் தெரியும். பொது நிதியாக வைத்து, அதன் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் அளந்து கொடுக்கும் நிலைமுதலை நாம் எதிர்க்கவில்லை. அது விதைநெல், ஆண்டுதோறும் விளைகின்றது. மாரி வந்தும் விதைக்கப்படாமல், பஞ்சம் வந்தும் அளக்கப்படாமல், ஒருவர் பெயரெழுதிய பூட்டோடு கொட்டிலிற் கிடக்கும் நெல்லை விதைநெல் என்று சொல்லி எவரையும் ஏய்க்க முடியாது. வட்டியில்லாக் கடன் சங்கங்களைப் பாருங்கள். ஒருவன் திருப்பிச் செலுத்திய டொலர் அடுத்தவனுக்குக் கடனாகச் செல்கின்றது. ஒரே பணம் பல குடும்பங்களை நிமிர்த்துகின்றது. வறியவனைத் தன் காலில் நிற்கச் செய்வதே தருமத்தின் உச்சப் படி என்று மைமோனிடிஸ் வகுத்ததும் இதனையே. அங்கும் முதல் அழியவில்லை. ஆனால் அது உறங்கவுமில்லை.

இனி எதிர்வாதங்களை எடுத்துக்கொள்வோம். கொடையாளர் ஆலோசனை நிதிகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு இருபதுக்கு மேற்பட்ட வீதம் வெளியே செல்கின்றது. கட்டாயம் எதற்கு என்கின்றார்கள். இது சராசரிக் கணக்கு. சராசரி ஆழம் முழங்காலளவு என்று நம்பி ஆற்றில் இறங்கியவன் கதை யாவரும் அறிந்ததே. தாராளமாகக் கொடுப்பவரின் நிழலில் ஒன்றுமே கொடாதவர் ஒளிந்துகொள்ள அந்தச் சராசரி உதவுகின்றது. அரசாங்கத்துக்கு அளிக்கப்படும் அறிக்கையிலும் மொத்தத் தொகையே காணப்படும். எக்கணக்கு எத்தனை ஆண்டு உறங்கிற்று என்பது காணப்படாது. நாடு முழுவதிலும் இத்தகைய நிதிகளில் 2023இல் இருந்த தொகை 25,000 கோடி டொலருக்கும் மேல் என்பதை இங்கே நினைவூட்டுகின்றோம்.

காத்திருந்தால் பணம் பெருகும், நாளைய ஏழைக்குக் கூடுதலாகக் கிடைக்கும் என்பது அடுத்த வாதம். பெருகும் என்பதற்குப் பிணை நிற்பவர் யார்? 2008ஆம் ஆண்டில் பேர்னாட் மேடொஃப் என்பவனுடைய பெருமோசடி வெளிப்பட்டபோது, லொஸ் ஏஞ்சல்ஸ் யூத சமூக அறநிதியம் அவனிடம் முதலிட்டிருந்த ஏறத்தாழ 1 கோடி 80 இலட்சம் டொலர் பறிபோயிற்று. அந்நிதியம் அதிலிருந்து மீண்டெழுந்தது உண்மை. ஏமாற்றப்பட்டவர் மீது நாம் பழி சுமத்தவுமில்லை. நேற்று ஒரு குழந்தையின் வயிற்றுக்குள் சென்ற உணவை எந்த மோசடிக்காரனும் திருட முடியாது என்பதை மட்டும் சொல்லிவைக்கின்றோம்.

நாள் குறித்தால் கொடையாளர் ஓடிவிடுவர் என்பது மூன்றாவது வாதம். 2021இல் செனற் சபையில் அங்கஸ் கிங், சக் கிராஸ்லி ஆகிய இருவரும் ஒரு சட்டமூலத்தைக் கொண்டுவந்தனர். முழு வரிச் சலுகையை உடனே பெறுபவர் பதினைந்து ஆண்டுகளுக்குள் பணத்தை அறநிலையங்களுக்குச் சேர்ப்பிக்க வேண்டும் என்பதே அதன் கரு. உள்ளூர்ச் சமூக அறநிதியங்களிலுள்ள சிறிய கணக்குகளுக்கு அது விலக்கும் அளித்தது. பதினைந்து ஆண்டு! பிறந்த குழந்தை பாடசாலைப் படிப்பை முடிக்கும் தறுவாய்க்கு வந்துவிடும். அந்தத் தவணையையும் பொறுக்க மாட்டாமல் அறநிதியங்களின் சார்பில் பேசுவோர் பலர் எதிர்த்தனர், சட்டமூலம் சட்டமாகவில்லை. பதினைந்து ஆண்டிலும் கொடுக்க மனமில்லாதவர் ஓடிப்போனால் தருமத்துக்கு நட்டம் யாது?

ஒன்றைத் திட்டவட்டமாகக் கூறுகின்றோம். இக்குறை யூதருடைய குறையன்று, சட்டத்தின் குறை. இத்தகைய நிதிகளை நடத்துவோருள் மிகப்பெரியவர்கள், முதலீட்டு நிறுவனங்களின் துணையால் எழுந்த, எச்சமயத்தையும் சாராத அமைப்புகளே. இதனைச் சாட்டாக வைத்து ஓர் இனத்தைத் தூற்ற முனைவோருக்கு நமது பத்தியில் இடமில்லை. யூத அறநிதியங்களைத் தெரிந்தெடுத்து நாம் பேசுவதற்குக் காரணம், இக்குறையைத் தீர்க்கும் விதி அவர்களது சொந்த நூலிலேயே இருக்கின்றது என்பதாகும். வேறெவர் முன்வராவிடினும் அவர்கள் முன்வரக் கடமைப்பட்டவர்கள்.

சட்டமன்றம் அசையும் வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கொடுத்த பொருள் சட்டப்படி அறநிதியத்தின் உடைமை. கொடையாளருக்கு இருப்பது ஆலோசனை கூறும் சலுகை மாத்திரமே. ஆதலால், புதிய கணக்குகளைத் திறக்கும்போதே விதி எழுதிக்கொள்ளும் அதிகாரம் அவர்கள் கையில் இருக்கின்றது. ஒவ்வொரு கணக்கிலிருந்தும் ஆண்டுதோறும் நூற்றுக்கு ஐந்து வீதமாவது வெளியே செல்ல வேண்டும். மூன்றாண்டு அசையாத கணக்கு, குழு பங்கிடும் பொது நிதியோடு சேர வேண்டும். உறங்கும் கணக்குகளுக்கு இத்தகைய ஏற்பாட்டைச் சில சமூக அறநிதியங்கள் ஏற்கெனவே செய்துள்ளன. ஆலோசனை உரிமை ஒரு தலைமுறைக்கு மேல் இறங்கலாகாது. பெயர்களை மறைத்தேனும், உறங்கும் கணக்குகள் எத்தனை என்பதை ஆண்டறிக்கையில் வெளியிட வேண்டும். பங்கிடும் குழுவில் கொடுத்தவர் மட்டுமன்றி, வறியவரிடையே நின்று பணிசெய்வோரும் அமர வேண்டும். பங்கிடுதல் நீதி வழங்குதலாயின், வழக்காளியின் குரல் மன்றில் ஒலிக்க வேண்டாமா?

அன்று ஒரு பெட்டியை வைத்து, தண்ட இருவரையும் பங்கிட மூவரையும் நியமித்து, வாரந்தோறும் அதனைத் திறந்த மக்கள் அவர்கள். இன்று பெட்டி பெருத்துவிட்டது, பூட்டும் பெருத்துவிட்டது. திறப்பு அவர்கள் கையிலேயே இருக்கின்றது. நாள் குறித்துத் திறவுங்கள் என்று கேட்கின்றோம்.