ராத்திரி மடை

"ஒரு தடவையாச்சும் கொடைக்கானல் பார்த்துட்டு வாங்கப்பா" என்று மகன் மறுபடியும் சொன்னான். ஊர் சுத்தாதவன் எதையும் பார்க்காதவன்னு நினைக்கிறாங்க. நான் ஒத்துக்க மாட்டேன்.

முந்தாநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும் மடை மாத்தப் போனேன். வாய்க்கால் ஓரத்துல கண்ணாடி விரியன், சுருண்டு கிடக்கு. நாலடி தூரம்தான். அதுவா நகர்ந்து போற வரைக்கும் அசையாம நின்னேன். கை நடுங்கி டார்ச் கீழே விழுந்து அணைஞ்சுது. நிமிர்ந்து பார்த்தா வேலி முழுக்க மின்மினி!

எத்தனை வருசமாச்சு பார்த்து. மருந்து அடிச்சே ஒழிச்சோம், நானும்தான். மூணு வருசமா அடிக்கிறதை விட்டிருக்கேன். விளைச்சல் குறைஞ்சதுக்கு வீட்டுக்காரம்மாகிட்ட தினமும் ஏச்சு. காலையில எழுப்பிச் சொன்னேன். "நாளைக்கு நானும் வர்றேன்"னாங்க.

கம்பு எடுத்துக்கிட்டுத்தான் போகணும்.