ரெண்டாவது பிரசவம்னா பொம்பளைக்குத்தான் கத்தியா?

போன மாதம் என் அக்காவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. பெண் குழந்தை, மூன்றே கால் கிலோ, சுகப்பிரசவம். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற அரசு ஆஸ்பத்திரி. பிரசவம் பார்த்தவர்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரே டாக்டரம்மா ஐந்து பேரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கோபம் வேறு.

வலி எடுத்து அக்காவை உள்ளே கூட்டிக்கொண்டு போனபோது முதல் கேள்வி, "ரெண்டாவதா?" அடுத்த கேள்வி, "அப்ப கு.க. பண்ணிக்கிறதுதானே?" (கு.க. என்றால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். தெரியாத ஹாஸ்டல்வாசிகளுக்காகச் சொல்கிறேன்.) அக்காவுக்குப் பதிலாக அம்மாவே "ஆமாங்க, அதையும் முடிச்சுடுங்க" என்றார். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாளாம். மூன்றாம் நாள் தொப்புளுக்குக் கீழே தையலோடு படுத்திருந்தாள்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது நானும் மாமாவும் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் இருந்தோம். விஷயம் தெரிந்ததும் சும்மா இருக்க முடியாமல் கேட்டேன். "மாமா, ஏன், நீங்க பண்ணிக்கக் கூடாதுங்களா?"

மாமா சிரித்தார். டீக்கடைக்காரரும் சிரித்தார். "நான் மூட்டை தூக்குறவன்டா மாப்ள, பலம் போயிடும்" என்றார். நல்ல மனுஷன், அக்காவை ஒரு வார்த்தை கடிந்து பேசாதவர். அவரே இப்படி என்றால் மற்றவர்களைப் பற்றி என்ன சொல்ல?

பலம் எங்கே போகும்? ஆணுக்குச் செய்கிற ஆபரேஷனில் விந்தணு வருகிற குழாயை மட்டும்தான் அடைக்கிறார்கள். ஆண் ஹார்மோன் ரத்தத்தில் கலந்து போகிறது, அதற்கும் இந்தக் குழாய்க்கும் சம்பந்தமே இல்லை. இப்போது கத்தியே வைக்காமல் சின்னத் துளை போட்டு முடித்துவிடுகிறார்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்தால் போதும், கால் மணி நேரம், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தும் வரை வேறு பாதுகாப்பு தேவை, அவ்வளவுதான். பெண்ணுக்கோ வயிற்றைத் திறந்தாக வேண்டும். இரண்டில் எது சுலபம் என்று சொல்ல டாக்டருக்குப் படிக்க வேண்டியதில்லை. ஆண் செய்துகொண்டால் அரசு கொடுக்கிற பணமும் அதிகம்!

அப்படியும் கணக்கைப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குள் இருக்கிற திருமணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது 0.3 சதவீதம். நூறில் 38 எங்கே, ஆயிரத்தில் 3 எங்கே! நம் தமிழ்நாட்டில் பெண்கள் கணக்கு பாதிக்கும் மேலே போகிறது. பெரியார் மண் என்று மேடைதோறும் பேசுகிறோம்.

"ஆம்பளைங்க ஒத்துக்க மாட்டாங்க, காலங்காலமா இப்படித்தான்" என்பார்கள். பொய். 1971-ல் கேரளாவில் எர்ணாகுளத்தில் ஒரே மாதம் நடந்த முகாமில் 60 ஆயிரத்துக்கும் அதிகமான ஆண்கள் செய்துகொண்டார்கள். அப்புறம் எமர்ஜென்சி வந்தது. 1976-ல் ஆண்களைப் பிடித்துக்கொண்டு போய் அறுத்தார்கள், 1977 தேர்தலில் அதற்கான பலனையும் அனுபவித்தார்கள். அதன் பிறகு எந்த அரசுக்கும் ஆண்களைத் தொடத் தைரியம் இல்லை. சத்தம் போடாத பெண்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் பக்கம் ஒரே முகாமில் 83 பெண்களுக்குச் சில மணி நேரத்தில் ஆபரேஷன் செய்து பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் இந்த முகாம்களையே மூன்று வருடத்தில் நிறுத்தச் சொன்னது. அக்காவுக்கு நடந்தது முகாம் இல்லை, ஒழுங்கான தியேட்டர், ஒழுங்கான டாக்டர். ஆனால் "இவளுக்குத்தான் செய்யணும்" என்று கேட்காமலே முடிவு செய்கிற புத்தி ஒன்றுதான்.

"எப்படியும் ஆஸ்பத்திரியிலதான் கிடக்கா, ஒரே செலவா முடிஞ்சிடும்" என்பது அம்மாவின் வாதம். சைக்கிளைத்தான் கழட்டிப் போட்டாச்சே, அந்த நட்டையும் முடுக்கிடு என்கிற மாதிரி. ஒன்பது மாதம் சுமந்து, வலி தின்று பெற்ற உடம்பு கொஞ்சம் மூச்சு விடட்டுமே என்று யாருக்கும் தோன்றவில்லை. அரசு வழிகாட்டுதலே, வற்புறுத்தியோ மயக்க மருந்தின் பிடியில் இருக்கும்போதோ இதற்குச் சம்மதம் வாங்கக் கூடாது என்கிறது. பிரசவ வலியில் துடிப்பவளின் தலையாட்டலை என்ன கணக்கில் சேர்ப்பது?

பெண் செய்துகொள்ளக் கணவனின் சம்மதம் தேவையில்லை என்பதும் விதி. நல்ல விதி. ஆனால் கணவனைக் கூப்பிட்டு "நீ பண்ணிக்கிறியாப்பா?" என்று கேட்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. ஒன்பது மாதமும் அக்கா செக்கப்புக்குப் போனாள். ஒரு தடவையாவது மாமாவையும் உட்கார வைத்துப் பேசியிருக்கலாம். அவரும் ஒரு தடவையாவது கூடப் போயிருக்கலாம்.

மூன்றாவது குழந்தை வேண்டாம் என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. குடும்பக் கட்டுப்பாடு கூடாது என்று நான் சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். அக்காவிடமே கேட்டேன். "அவரு வேலைக்குப் போறவருடா" என்றாள். இவள் மட்டும்? பனியன் கம்பெனியில் எட்டு வருடமாக டெய்லர்!

வீட்டுக்கு வந்த அன்று "வெயிட்டு தூக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மூத்தவனுக்கு மூன்று வயது. அம்மாவைப் பார்த்து ஒரு வாரமானதில் ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்டு "தூக்கு தூக்கு" என்று ஒரே அழுகை. தூக்கினாள். ஆ என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூட்டை தூக்கும் மாமா பக்கத்தில்தான் நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

இதை கேன்டீனில் சொன்னபோது பசங்க, "சரிடா, உனக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு பிறந்தா நீ பண்ணிக்குவியா?" என்று மடக்கினார்கள். பண்ணிக்குவேன். இங்கே எழுதியே வைக்கிறேன். பிற்காலத்தில் நான் டீக்கடையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தால், யாராவது இதைத் தோண்டி எடுத்து மூஞ்சிக்கு நேராக நீட்டுங்கள் :-)