டவர் ஹோலுக்கு ஒரு சட்டம், எங்கட கவிக்கு ஒரு மேடையும் இல்லை

பழைய கட்டடம் ஒன்றைக் கண்டால் நாங்கள் எல்லாரும் செய்கிறது ஒன்றுதான். போட்டோ எடுக்கிறம், ஸ்டேட்டஸ் போடுறம், "இதைப் பாதுகாக்கோணும்" என்று ஒரு வரி எழுதுறம். ஆர் பாதுகாக்கிறது, எந்தக் காசில, பாதுகாத்து என்ன செய்யிறது? அந்தக் கேள்விகள் ஸ்டேட்டஸோட சேர்ந்து 24 மணித்தியாலத்தில காணாமல் போயிடும்.

புல்மோட்டையில இருந்து இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போன நாங்கள் நாலு பேர், மருதானை டவர் ஹோலைப் பார்த்த பிறகு இதைப் பற்றித்தான் கதைச்சுக்கொண்டு வந்தம். 1911 டிசம்பர் 6ஆம் திகதி, சார்ல்ஸ் டயஸின் 'பண்டுகாபய' நாடகத்தோட திறக்கப்பட்ட அரங்கு அது. பாட்டால் நடக்கும் 'நூர்த்தி' நாடகங்களின் தாய்வீடு. ஒலிவாங்கி இல்லாத காலத்தில கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடினவர்களின் மண்டபம்.

'இது சிங்களவர்களின் பாரம்பரியம், எங்களுக்கென்ன?' என்று கேட்கிறவர்களுக்கு ஒரு விஷயம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில பம்பாய்ப் பக்கமிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துத்தான் நூர்த்தியே பிறந்தது. ஜோன் த சில்வாவின் நாடகங்களுக்கு இசையமைத்த விஸ்வநாத் லவ்ஜி, சிங்களம் தெரியாத ஒரு இந்தியர். அதே பார்சி அரங்கின் திரைச்சீலையும் ஆர்மோனியமும் தமிழ்நாட்டு இசை நாடகத்துக்குள்ள போய், அங்கயிருந்து யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. காங்கேசன்துறை வசந்தகான சபாவின் வி. வி. வைரமுத்து 'மயான காண்டம்' பாடினதும் அந்த வழியில வந்த மரபில நின்றுதான். நூர்த்திக்கு முன்னமிருந்த சிங்கள 'நாடகம'வை எடுத்தால் பெயரே தமிழ். அது எங்கட கூத்தோட உறவுள்ளது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். 1956இல் சரச்சந்திர 'மனமே'யை மேடையேற்றியது அந்த நாடகம வடிவத்தை எடுத்துத்தான். உயர்தரத்தில நாடகமும் அரங்கியலும் படிச்ச ஆக்களுக்கு இது தெரியும். மற்றவர்களுக்கு ஆரும் சொல்லவில்லை.

டவர் ஹோல் எப்படித் தப்பியது என்பதுதான் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது. பேசும்படம் வந்ததும் நாடகத்துக்குச் சனம் குறைஞ்சு, அந்த மண்டபமும் படம் ஓட்டுற இடமாகிப் போனது. ரசிகர்கள் அழுததால அது மீளவில்லை. 1978இல் பாராளுமன்றம் டவர் மண்டப அரங்க மன்றத்துக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதோட மண்டபத்துக்குப் பொறுப்பான நிறுவனமும் வந்தது, திருத்த வேலையும் நடந்தது. நூற்றாண்டு தாண்டின கட்டடத்துக்குக் கூரையும் மரவேலையும் மின்வயரும் ஓயாமல் செலவு வைக்கும். ஒரு தரம் திருத்திவிட்டு விடுற சங்கதி இல்லை. பொறுப்பாக ஆரும் இல்லையென்றால் எந்த மண்டபமும் ஒரு தலைமுறைக்குள்ள பாழடைஞ்சு போகும். சென்னையில 19ஆம் நூற்றாண்டில கட்டின விக்டோரியா பொது மண்டபத்தைப் பாருங்கள். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபா நாடகம் போட்ட இடம். எத்தனையோ வருஷம் பூட்டிக் கிடந்து, அண்மையிலதான் மாநகராட்சி கோடிக்கணக்கில செலவழிச்சு அதைச் சீரமைச்சது. முதலே பராமரிச்சிருந்தால் இவ்வளவு போயிருக்காது.

இனி எங்கட பக்கம் வருவம். புல்மோட்டை என்றால் நாட்டுக்குத் தெரிஞ்சது இல்மனைட்டும் ரூட்டைலும். எங்கட மண்ணுக்கு விலை இருக்கு, ஏற்றுமதி இருக்கு, கூட்டுத்தாபனம் இருக்கு. எங்கட பாட்டுக்கு என்ன இருக்கு? கிழக்கு முஸ்லிம்களின் கவி, தாலாட்டு, களிகம்பு, பக்கீர் பாவாக்களின் றபான் பாட்டு எல்லாம் வயசான ஆக்களின் தொண்டையில மட்டும் மிஞ்சியிருக்கு. இடிஞ்ச சுவரைப் பழைய படத்தைப் பார்த்தாவது திரும்பக் கட்டலாம். ஒரு வாப்பும்மா மௌத்தானால் அவ பாடின கவியை எதைப் பார்த்துக் கட்டுறது? டவர் ஹோல் பாட்டுகள் இண்டைக்கும் கேட்கிறதுக்கு ஒரு காரணம், அந்தக் காலத்திலேயே அவற்றை இசைத்தட்டில பதிஞ்சு வைச்சது.

"சோத்துக்கே வழியில்லாத காலத்தில மண்டபமும் பாட்டுமா?" என்று கேட்பீங்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நாங்கள் மாளிகை கேட்கவில்லை. மூன்று விஷயம்தான் கேட்கிறம். ஒன்று, பிரதேச சபைகள் பொது மண்டபம் கட்டும்போது கலியாணத்துக்கு மட்டும் கணக்குப் போடாமல், குரல் எதிரொலிச்சுக் குழம்பாத ஒரு மேடைக்கும் கணக்குப் போடட்டும். இரண்டு, டவர் ஹோல் மாதிரி அரச அரங்குகளில தமிழ்க் கூத்துக்கும் கிழக்கின் கவிக்கும் வருஷத்தில சில இரவுகள் நிரந்தரமாக ஒதுக்கப்படட்டும். அந்த மேடையின் வரலாற்றில எங்களுக்கும் பங்கிருக்கு. மூன்றாவது அரசாங்கத்திட்ட இல்லை, எங்களிட்டயே. கலைப்பீடத்தில படிக்கிற ஒவ்வொருத்தரும் இந்த விடுமுறையில தன்ர ஊரில ஒரு ஆளின் பாட்டை, அனுமதி கேட்டு, போனில முழுசாகப் பதியோணும். பாடினவரின் பெயர், ஊர், திகதியோட பல்கலைக்கழக நூலகத்தில குடுக்கோணும்.

முதல் இரண்டுக்கும் கடிதம் எழுதி மாசக்கணக்கில காத்திருக்க வேண்டிவரும். மூன்றாவதுக்கு ஒரு பின்னேரம் காணும்.