அடுத்த வருஷம் பார்க்கலாம்

ஊவாவின் தோட்டப் பாடசாலையொன்றில் தரம் ஒன்றுக்குப் படிப்பித்த காலத்தில், இந்தத் தலைப்பிலுள்ள வார்த்தைகளுக்கு நானும் உடந்தையாக இருந்திருக்கிறேன். இடுப்பில் கட்டிய படங்கோடு ஒரு தாய் ஐந்து வயது மகனை அழைத்து வந்தார். "சேர், சொல்றதெல்லாம் இவனுக்கு வெளங்கும். பேச்சுத்தான் வரல" என்றார். அதிபர் என்னைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கினேன். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்பினோம். மறு வருஷம் அந்தத் தாய் வரவில்லை. ஆகவே, இக்கட்டுரையில் முதல் குற்றவாளி நான்தான்.

பிள்ளை இன்னும் தயாராகவில்லை என்கிறோம். அவனை யார், எப்போது தயார்படுத்தினார்கள் என்று கேட்பதில்லை.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லந்தை மீரியபெத்தவில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த நிலம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தெரிந்தே காத்திருந்தோம். வளர்ச்சியில் பின்தங்கும் பிள்ளை விடயத்திலும் இதைத்தான் செய்கிறோம். எந்த வயதில் இருக்க வேண்டும், நடக்க வேண்டும், பேச வேண்டும் என்பதெல்லாம் பிறந்தவுடன் தரப்படும் சுகாதாரப் பதிவேட்டில் இருக்கிறது. நாம் அதில் நிறையையும் தடுப்பூசியையும் மட்டும் பார்க்கிறோம். "அப்பன்காரனும் பிந்தித்தான் பேசினான்" என்று பெரியவர்கள் சொல்ல, இரண்டு வயது, மூன்று வயது என்று காலம் கழிந்துவிடுகிறது.

தயார்படுத்துவது பெரிய வித்தையல்ல. பேச்சு பிந்தினால் முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவது, தானே அள்ளிச் சாப்பிடுவது, மலசலகூடம் போக வேண்டுமென்பதைச் சைகையாலோ படத்தாலோ தெரிவிப்பது, தன் முறை வரும்வரை பொறுப்பது, தாயை விட்டு முதலில் அரை மணி நேரமும் பிறகு ஒரு மணி நேரமும் இருப்பது ஆகியவற்றைச் சிறுகச் சிறுகப் பழக்க வேண்டும். சேர்வதற்குச் சில மாதங்கள் முன்பே பாடசாலையைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டும். பிள்ளைக்கு எது பயம், எது பிரியம் என்பதை ஆசிரியர் கேட்டறிய வேண்டும்.

இதற்கு உகந்த இடம் தோட்டத்திலேயே இருக்கிறது. தாய் கொழுந்து பறிக்கப் போகையில் பிள்ளையை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பராதான் அது. பெயர்ப்பலகையில் அதைச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று மாற்றிவிட்டோம். அங்குள்ள பெண்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்தோமா? பெயரளவு சம்பளத்தில் வேலை செய்யும் முன்பள்ளி ஆசிரியைகளுக்குக் கொடுத்தோமா?

பிள்ளை மட்டும் தயாரானால் போதாது. பாடசாலையும் தயாராக வேண்டும். அங்கவீனத்தைக் காரணங்காட்டிப் பாடசாலை அனுமதியில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். அன்று எங்கள் அலுவலக அறையில் அதை எவரும் நினைவூட்டவில்லை. நானும் நினைக்கவில்லை.

"இது தோட்டத்துப் பிரச்சினை, நமக்கென்ன?" என்று கேட்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் ஊர்களின் ஓதற்பள்ளிகளில் இத்தகைய பிள்ளைகள் எத்தனை பேர் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள்? பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களிடம் முகம் சுளித்ததற்காக நபிகளாரையே திருத்திய இறைவசனங்களை, அபஸ சூறாவில் ராகத்தோடு ஓதுகிறோம். அந்த ஸஹாபியைப் பெருமானார் பாங்கு சொல்ல வைத்தார்கள், மதீனாவின் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். நாமோ முகம் சுளித்துவிட்டு, "சோதனை" என்று ஆறுதல் சொல்கிறோம்.

எழுத்தாளர்களான நாம் இன்னும் மோசம். நம் சிறுகதைகளில் இந்தப் பிள்ளை தாயின் கண்ணீருக்காகவே பிறக்கிறது, கடைசிப் பந்தியில் இறக்கிறது. அது புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு போவதை எத்தனை பேர் எழுதினோம்?

மீரியபெத்தவில் அன்று காலை பாடசாலைக்குப் புறப்பட்டுப்போன பிள்ளைகள் பலர் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடு இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. அந்தச் செய்தியை வாசித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று நாங்கள் திருப்பியனுப்பிய பிள்ளை, காலை ஏழரை மணிக்கு எங்கே இருந்திருப்பான்? லயத்தில்தானே?