ஜீன் டெஸ்டுக்கு முன்னால்

போன வாரம் காலை நடையில் நண்பர் ஒருவர் செல்போனை நீட்டினார். எச்சிலை அனுப்பினால் போதுமாம், புராஸ்டேட் புற்றுநோய் வருமா வராதா என்று மரபணுவைப் பார்த்துச் சொல்லிவிடுவார்களாம். "எடுத்துப் பார்ப்பமா அண்ணாச்சி?" என்றார். வேண்டாம் என்றேன்.

உடம்புக்குள் போகிற நஞ்சைக் கரையவைத்து வெளியேற்றக் கல்லீரலிலும் மற்ற இடங்களிலும் சில நொதிகள் இருக்கின்றன. குளூட்டாதயோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ் என்பது அதில் ஒரு குடும்பம். (பெயரைச் சொல்வதற்குள் பல் செட்டு கழன்றுவிடும்.) அதில் ஒன்றை உண்டாக்கும் ஜிஎஸ்டிஎம்1 மரபணு, ஐரோப்பியரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே கிடையாது. பாதிப் பேருக்குமா நோய் வருகிறது? அது இல்லாதவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் கூடுதலாக வருவதாக லக்னோ சஞ்சய் காந்தி நிறுவன ஆய்வாளர்கள் எழுதினார்கள். வேறு நாடுகளில் செய்த ஆய்வுகள் எல்லாம் இதோடு ஒத்துப்போகவில்லை. தனி மனிதனுக்கு ஜோசியம் சொல்ல இது போதாது.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். இன்றும் அந்தப் பத்திரிகைகளை மேய்கிற பழக்கம் உண்டு. குவாதலூப் தீவைப் பற்றி அப்படித்தான் படித்தேன். 1854 கடைசியில் ஒரேலி என்ற கப்பலில் புதுச்சேரியிலிருந்து நம் ஜனங்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய் இறங்கிய தீவு அது. அங்கே வாழைக் கூன்வண்டுக்கு குளோர்டெகோன் என்ற மருந்தை 1973 முதல் 1993 வரை போட்டார்கள். பிரான்சில் 1990-லேயே தடை. தீவுக்கு மட்டும் மேலும் மூன்று வருஷச் சலுகை! இன்று உலகிலேயே புராஸ்டேட் புற்றுநோய் மிக அதிகமான இடங்களில் அதுவும் ஒன்று. ரத்தத்தில் அந்த மருந்து மிகுந்தவர்களுக்கு நோய் கூடுதல் என்று 2010-ல் ஓர் ஆய்வு காட்டியது. குடும்பத்தில் ஏற்கெனவே அந்த நோய் இருந்தவர்களிடம் இந்தத் தொடர்பு இன்னும் பலமாக இருந்தது. பிறவி பாதி, மருந்து பாதி என்று வைத்துக்கொள்ளலாம். பூச்சிமருந்தில் வேலை பார்த்தவர்களுக்கு வரும் இந்த நோயைத் தொழில்நோய் என்று பிரான்ஸ் 2021-ல் ஒத்துக்கொண்டது.

நம் கரிசலில் பருத்திக்கு மருந்தடித்தவர்களுக்கு இப்படி யார் கணக்கெடுத்தார்கள்? எங்கள் மச்சான் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு எண்டோசல்பானைக் கையாலேயே கலக்குவார். உச்ச நீதிமன்றம் 2011-ல் அதைத் தடைசெய்தபோது அவர் உயிரோடு இல்லை. கடைசி இரண்டு வருஷம் மூத்திரம் போக முக்கினார். கேட்டால், "வயசானா அப்படித்தான் மாப்ள" என்பார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனபோது எலும்பு வரை பரவியிருந்தது. மருந்தால்தான் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். கூச்சத்தால் மறைத்தார், அதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

ஆரம்பத்தில் இந்த நோய் பெரும்பாலும் வெளியே தெரியாது. மூத்திரச் சிரமம் எல்லாம் புற்றுநோயும் அல்ல, சாதாரண வீக்கத்துக்கும் அப்படி வரும். பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை கூடினாலும் உடனே பயப்பட வேண்டியதில்லை. அது தேவையா என்று டாக்டரிடம் கேட்பதற்கு என்ன வெட்கம்?

"உங்க அப்பாவுக்கு என்ன செஞ்சுது?" என்று நண்பரைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தார். "மூத்திரம் அடைச்சுத்தான் செத்தாரு அண்ணாச்சி. என்னன்னு யாரும் பாக்கல."

வருகிற திங்கட்கிழமை இரண்டு பேரும் டாக்டரிடம் போகிறோம்.