கோபால் பேட்ச்சில் போட்டுட்டாங்களா? அழாதீங்க, கேள்வி கேளுங்க!

போன மாதம் ஒரு தங்கையிடமிருந்து அழைப்பு. எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்தில் படித்து வளர்ந்தவர். வீட்டில் முதல் பட்டதாரி. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்து, விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார். "அக்கா, என்னை மெயின்ஃபிரேம் பேட்ச்ல போட்டுட்டாங்க. கோபால் கத்துக்கணுமாம். கூட இருக்கறவங்க எல்லாம் உன் கதை முடிஞ்சுதுன்னு சிரிக்கிறாங்க" என்று அழுதார். பின்னாலிருந்து அவர் அம்மா, "யாருடி அந்தக் கோபாலு? மேனேஜரா?" என்று கேட்டது எங்கள் காதிலும் விழுந்தது.

அம்மாவுக்கே முதலில் பதில் சொல்வோம். கோபால் ஒரு கணினி மொழி. 1959இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவோடு கூடிய ஒரு குழு அதை வடிவமைத்தது. கிரேஸ் ஹாப்பர் என்ற பெண் அறிஞர் முன்பே உருவாக்கியிருந்த ஃப்ளோமேட்டிக் மொழிதான் அதற்கு முக்கிய அடிப்படை. குழுவில் ஜீன் சாமெட் போன்ற பெண்களும் இருந்தார்கள். வணிகக் கணக்கை ஆங்கில வாக்கியம் போலவே எழுத வேண்டும், எந்தக் கம்பெனியின் கணினியிலும் அது ஓட வேண்டும் என்பது நோக்கம். பணத்தைத் தசம எண்ணாகவே வைத்துக் கணக்குப் போடுவதால் காசு பிசகாது. வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் என்று உலகின் பணம் இன்றும் பெருமளவு இந்த மொழியில்தான் நகர்கிறது.

அப்படியானால் ஏன் சிரிக்கிறார்கள்? இந்தச் சிரிப்பு புதிதல்ல. 1975இல் டைக்ஸ்ட்ரா என்ற பெரிய கணினி அறிஞர், கோபால் கற்பிப்பதையே குற்றமாகக் கருத வேண்டும் என்ற பொருளில் எழுதினார். அழகான கணிதம் செய்பவர்கள் மேலே; சம்பளப் பட்டியலும் வட்டிக் கணக்கும் போடுகிறவர்கள் கீழே. இந்த அடுக்கு நமக்குத் தெரியாததா? வேலையைப் பகிர்ந்துகொள்வது வேறு, வேலை செய்பவர்களை ஒருவர் தலைமேல் ஒருவராக அடுக்குவது வேறு என்று 'சாதி ஒழிப்பு' நூலில் 1936இலேயே அண்ணல் அம்பேத்கர் விளக்கிவிட்டார். உலகத்துக்குத் தேவையான வேலையைச் செய்பவரையே இழிவாகப் பார்க்கும் புத்தி குளிரூட்டப்பட்ட அலுவலகத்துக்குள்ளும் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு நுழைந்துவிடுகிறது.

இழிவாகப் பார்த்ததன் விலையை 2020இல் பார்த்தோம். கொரோனாவில் வேலை போனவர்கள் அமெரிக்காவில் ஒரே வாரத்தில் 66 லட்சத்துக்கு மேல் நிவாரணம் கேட்டு விண்ணப்பித்தார்கள். பல மாநிலங்களின் கணினி அமைப்புகள் திணறின. அந்த ஏப்ரலில் நியூஜெர்சி ஆளுநர் பில் மர்ஃபி, கோபால் தெரிந்தவர்கள் தன்னார்வலர்களாக வாருங்கள் என்று பகிரங்கமாக அழைத்தார். அதே மாதம் ஐபிஎம் நிறுவனமும் கூட்டாளிகளும் இலவசப் பயிற்சி தொடங்கினார்கள்.

பல ஆண்டுகள் பராமரிப்புக்கு ஆள் எடுக்காமல், புதியவர்களுக்குக் கற்றுத்தராமல் இருந்துவிட்டு, வீடு பற்றி எரியும்போது தொண்டு செய்ய ஆள் தேடினால் என்ன நியாயம்? பழியை மட்டும் "பழைய மொழி" மேல் போட்டார்கள். வாடகை கட்ட முடியாமல் காத்திருந்தது யார்? அன்றாடக் கூலியை நம்பியிருந்தவர்கள்தான்.

"இளைஞர்கள் கோபால் படிக்க வருவதில்லை" என்று நிறுவனங்கள் புலம்புகின்றன. தோழர்களே, நம் தங்கை வந்தாரே! வந்தவருக்கு என்ன கிடைத்தது? எந்தத் தொழில்நுட்பம் வேண்டும் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. சில வாரம் வகுப்பு, ஒரு தேர்வு, பிறகு இரவு ஷிஃப்டில் சப்போர்ட் வேலை. இடையில் போனால் பணம் கட்டு என்று ஒரு பாண்ட்.

இது பயிற்சியே அல்ல. கோபாலின் நான்கு பிரிவுகளையும் வாக்கிய அமைப்பையும் சில வாரங்களில் கற்றுவிடலாம். கடினமானது வேறு. முப்பது நாற்பது ஆண்டுகளாகப் பலர் கைபட்டு வளர்ந்த நிரலில், இந்த வரி ஏன் இருக்கிறது, எந்தச் சட்டம் மாறியபோது சேர்த்தார்கள் என்பது எங்கும் எழுதப்பட்டிருக்காது. ஓய்வுபெறப் போகும் மூத்தவர்களின் தலைக்குள் இருக்கும். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டுக் கேட்டுத்தான் அதைக் கற்க முடியும். அந்த நேரத்துக்குச் சம்பளம் கொடுக்க முதலாளிக்கு மனமில்லை. உண்மை இவ்வளவுதான்.

"செத்துப்போகிற மொழியில் நம் பிள்ளைகளை ஏன் தள்ள வேண்டும்?" என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஐந்தாண்டு மெயின்ஃபிரேமில் மட்டும் இருந்தவர் வேறு வேலைக்கு மாறுவது கடினம். சிபாரிசு செய்ய மாமா சித்தப்பா இல்லாத முதல் தலைமுறைக்கு இன்னும் கடினம். தனியார் துறையில் இடஒதுக்கீடும் இல்லை. அதனால்தான் ஓடு என்று சொல்லாமல், பேரம் பேசு என்கிறோம். ஆள் தட்டுப்பாடு அவர்களுக்கு. அது நம் கையில் இருக்கும் பலம்.

நாம் கேட்க வேண்டியவை நான்கு. பயிற்சிக் காலத்துக்கு முழுச் சம்பளம், பாண்ட் கூடாது. ஒவ்வொரு புதியவருக்கும் கற்றுத்தர ஒரு மூத்தவர். அவருக்கு அதற்கென வேலை நேரம். கோபாலோடு இன்னொரு புதிய தொழில்நுட்பமும் கற்க உரிமை. யாரை எந்த பேட்ச்சில், எந்த அடிப்படையில் போட்டார்கள் என்பதை எழுத்தில் காட்ட வேண்டும்.

தங்கைக்கும் இதையே சொன்னோம். நன்றாகப் படி. சிரிக்கிறவர்களின் சம்பளம் கணக்கில் ஏறுவதற்கும் எங்கோ ஒரு கோபால் நிரல் ஓட வேண்டியிருக்கலாம். ஆனால் தனியாகக் கேட்காதே, பேட்ச்சில் இருக்கும் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு கேள்.

கற்போம், ஒன்றுசேர்வோம். ஜெய்பீம்!